நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அந்த மூன்றும்

செடார் ஃபோர்க் மாநிலப் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து அணியின் பயிற்றுநர் மார்லா ஹ்ருஸ்கா அவர்களின் பணிநிறைவு விழாவில் விளையாட்டுத் துறையினர் வாசித்தளிக்கும் மடல்

பதினோராயிரத்து இருநூற்று நாற்பத்தாறு நாட்கள்! 1993 ஆகஸ்ட் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை தொடங்கி, இன்றைய வியாழக்கிழமையையும் லீப் ஆண்டுகள் தந்த எட்டு நாட்களையும் சேர்த்து எண்ணினோம். நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், மக்காச்சோளக் கிடங்குகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவிலுள்ள இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இத்தனை நாளும் உழைத்தவரே!

வலை தாழ விடாத வல்லவரே! பேருந்தில் முதலில் ஏறிக் கடைசியில் இறங்கும் பெருந்தகையே! வணக்கம்.

தங்கள் அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு கழி சாத்தியிருக்கும். அதில் இரண்டு மீட்டர் இருபத்து நான்கு சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் தேவாலயத்தில் இருக்கும்போது, தாங்கள் ஆளில்லாத அரங்கில் வலையின் இரு முனையையும் நடுவையும் அந்தக் கழியால் அளப்பீர்கள். அளந்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். அங்கும் தங்களுக்காக விளக்கேற்றி வைத்திருக்க யாருமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித் தாங்கள் பேசியதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

களத்தில் மட்டும் தங்கள் குரல் கூரையைத் தொடும். "மரிசோல், பந்து உன்னக் கடிக்காதுடி, கைய நீட்டு!" என்பீர்கள். "கடிச்சா உங்களத்தான் கோச் கேப்பேன்!" என்று பந்து தூக்கிக் கொடுக்கும் மரிசோல் ஒர்டேகா அங்கிருந்தே கத்துவாள். தோற்ற இரவுகளில் திட்டமாட்டீர்கள். ஏழு மணி நேரப் பயணத்தில் ஒவ்வோர் இருக்கையாகப் போய், தூங்கும் பெண்களுக்குக் கோட்டைப் போர்த்திவிட்டு, ஓட்டுநர் வெர்னுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். தாங்கள் தூங்கி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லையாம்.

முப்பத்தோரு ஆட்டப் பருவங்கள். அவற்றில் ஐந்நூற்றிரண்டு வெற்றிகள். ஆனால் பதிவேட்டில் இருப்பவை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. பாராட்டு மடலில் இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் பேசினோம். சொல்லாவிட்டால் இது தங்களைப் பற்றிய மடலாக இருக்காது.

களத்தில் இறங்கும் மாணவி அந்தப் பருவத்தில் பன்னிரண்டு பாட அலகுகள் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆடக் கூடாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து தகுதிப் பட்டியலைப் புதிதாக எடுத்துப் பயிற்றுநர் கையில் தர வேண்டும். பட்டியல் ஏறாமல் பேருந்து கிளம்பாது. வெர்ன்கூட, "காகிதம் ஏறிடுச்சா?" என்று கேட்ட பிறகே சாவியைத் திருகுவார்.

சென்ற நவம்பரில், பல்கலைக்கழகக் கூட்டமைப்புக் கோப்பைக்குக் கிளம்பிய வியாழக்கிழமை, பனிப்புயல் வருகிறது என்று ஒன்பது மணிப் பேருந்தை ஆறு மணிக்கு மாற்றினார்கள். "ஏறுங்க கோச், இல்லன்னா நானே போய் ஆடி ஜெயிச்சிட்டு வந்துடுவேன்!" என்று வெர்ன் அவசரப்படுத்தினார். "உன் முட்டிய வெச்சுக்கிட்டா? எதிராளி சிரிச்சே தோத்துருவான்" என்றபடி தாங்கள் ஏறினீர்கள். அந்த வாரக் கடைசியில் மூன்று ஆட்டங்கள், மூன்றும் வெற்றி. முதல் வெற்றியே தங்களுடைய ஐந்நூறாவது. கோப்பை முதல்முறையாக நம் ஊருக்கு வந்தது. அரங்கின் கிழக்குச் சுவரில் நீலக் கொடி ஏறியது.

பிப்ரவரியில் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் மரிசோல் வேதியியல் ஆய்வக வகுப்பை விட்டிருந்தாள். "லேப்பத்தானே கோச் விட்டேன், பாடத்த விடலையே" என்று அழுதாள். அவளுக்கு மிஞ்சியிருந்தவை பதினோரு அலகுகள். விசாரணைக் குழு தங்களிடம் பட்டியலைக் கேட்டது. "புதுசு வாங்க மறந்துட்டேன். முந்தின வாரத்துப் பட்டியல்தான் பைல இருந்துச்சு. அதையும் கிழிச்சுப் போட்டுட்டேன். தப்பு என்னோடது, வேற யாரையும் கேக்க வேண்டாம்" என்றீர்கள். அவர்களும் கேட்கவில்லை. மூன்று வெற்றிகளும் அழிந்தன, கொடி இறங்கியது. மார்ச்சில் தாங்கள் ஓய்வுக் கடிதம் கொடுத்தீர்கள்.

ஊர் என்ன பேசியது என்று தங்களுக்குத் தெரியும். காப்பிக் கடையில் தங்கள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். "முப்பது வருசமா கோச்சாம், ஒரு காகிதத்த வாங்க மறந்துருக்கா." "நானூத்தித் தொண்ணூத்தொம்போதாம்! கடையில ஒட்டுற விலை மாதிரில்ல இருக்கு!" தாங்கள் காப்பியை முடித்து, குவளையைத் தாங்களே எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள்.

வியாழக்கிழமைதோறும் உணவுக்கூடத்தில் சில்லி என்னும் இறைச்சிக் குழம்பும் சினமன் ரோல் இனிப்பு ரொட்டியும் போடுவார்கள். முன்பெல்லாம் தங்கள் மேசையில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். பிப்ரவரிக்குப் பிறகு தாங்கள் ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிட்டீர்கள். நாங்கள் தட்டோடு தாண்டிப் போனோம். கோபத்தில் விலகவில்லை, என்ன பேசுவதென்று தெரியாமல் விலகினோம். தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இந்தக் குளிர்காலத்தில் எத்தனை வியாழக்கிழமைகள் அப்படிப் போயின என்று எண்ணத் துணிவு வரவில்லை. எங்களை மன்னியுங்கள்.

தங்களிடம் ஆடிய பெண்கள் இன்று மருத்துவர்களாக, விவசாயிகளாக, பள்ளிப் பயிற்றுநர்களாக இருக்கிறார்கள். இருபத்துமூன்று பேர் இன்று இந்த அரங்குக்கு வந்திருக்கிறார்கள். பதிவேட்டை யாரும் கொண்டு வரவில்லை. மரிசோல் முன்வரிசையில் இருக்கிறாள். அவள் விட்ட அந்த ஆய்வக வகுப்பை இந்தப் பருவத்தில் முடித்துவிட்டாள் என்பதையும் தங்களுக்குத் தெரிவிக்கிறோம்.

தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். இடது தோளின் வலி குறைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஒரு வீடு வேண்டும். எங்களில் யார் வீடானாலும் சரி. ஏழு மணி நேரப் பயணம் ஒன்றில் தாங்கள் நன்றாகத் தூங்க வேண்டும், வேறு யாராவது தங்களுக்குக் கோட்டைப் போர்த்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பில் நனைந்த விளையாட்டுத் துறையினர் பதினாறு பேர்.

பதினேழாவதாக, தகுதிப் பட்டியல் உதவியாளர் டெஸ்ஸா லிண்ட். மடலை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். மேலே உள்ளதை எல்லோரும் படித்துக் கையெழுத்திட்டார்கள். இனி வரும் வரிகளை இன்னும் யாரும் படிக்கவில்லை. கோச், நீங்கள் எதையும் மறக்கவில்லை. நீங்கள் கிழித்துப் போட்ட தாளில் பயணத்தன்றைய தேதிதான் இருந்தது. பதிவாளர் அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். பேருந்தோ ஆறு மணிக்குக் கிளம்பியது. முந்தின வாரத்துப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி உங்கள் கையில் கொடுத்தவள் நான்.