தங்கச்சிக்காகக் கொடுத்த விவரம்

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பூண்டி பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் குரல் அப்படி.

"என்னைய அழிச்சுராதீங்கன்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிட்டு வாரேன்க்கா."

பக்கத்தில் இருந்தவள் பதறிப்போனாள். "உன்னைய யாருடி அழிக்கிறது?"

"சிலோன்ல விட்டுட்டு வந்த தங்கச்சியத் தேடி வெப்சைட்டுல பதிஞ்சிருக்கேன்ல. வருசா வருசம் உள்ள போயி நான் இருக்கேன்னு காட்டலேன்னா, நம்ம விவரத்த எடுத்துருவாங்களாம்."

"என்னென்ன குடுத்த?"

"அப்பா பேரு, நாங்க இருந்த தேயிலைத் தோட்டத்துப் பேரு, லயத்து வீட்டு நம்பரு, போட்டோ, போன் நம்பரு."

"கிறுக்கி! கண்ட பயலும் பாப்பானே!"

"பாக்கட்டும்க்கா. நாலு பேரு பாத்தாத்தானே அவளுக்குச் சேதி போகும்."

"எவளாச்சும் நாந்தான் தங்கச்சின்னு போன் போட்டா?"

"அதுக்குத்தான் ஒண்ண மட்டும் எழுதல. சின்ன வயசுல அவ என்னைய ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவா. அதச் சொல்றவதான் என் தங்கச்சி."

"என்ன பேருடி அது?"

அவள் திரும்பி பஸ்ஸை ஒரு முறை பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள்.