பக்கத்து நாற்காலிக்குப் போன சத்தம்

"பிப்ரவரி 11. ஒரு சின்னத் தவறு. இடப்பக்கக் கணக்கை வலப்பக்கம் போட்டுவிட்டேன். நாலு நாளாக யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட."

டைரியில் இப்படி எழுதியவன் என் நண்பனின் சித்தி மகன். அன்று மாலை வகுப்பு முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். தெருவில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அந்தத் தவறு அவனுக்கு உறைத்தது.

அவன் அப்பாவுக்குக் காது மந்தம். டிவியை அலறவிடுவார். கைக்குழந்தையோடு வந்திருந்த அக்கா சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இவன் முழிச்சா, நான் கிளம்பிடுவேன்."

அதனால் பதினாறு குட்டி ஸ்பீக்கர்களை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தினான். ஒவ்வொன்றும் முந்தையதைவிட இம்மி தாமதித்து ஒலித்தால், சத்தம் டார்ச் வெளிச்சம் போல ஒரே பக்கம் சாயும். அப்பாவின் நாற்காலியில் மட்டும் விழும். ஓரடி தள்ளினால்... ஒன்றும் கேட்காது.

அந்தத் தாமதக் கணக்கு பக்கம் மாறியதால், நாலு நாளாகச் சத்தம் பக்கத்துக் காலி நாற்காலியில் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டில் அப்பா டிவி முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதோரம் குனிந்து கேட்டான். "நாலு நாளா நல்லாக் கேட்டுச்சாப்பா?"

"எங்க கேட்டுச்சு? உங்கம்மாதான் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா சொன்னா."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு! நான் எப்ப அங்க வந்து உக்காந்தேன்?"

அப்பாவுக்கு அது கேட்கவில்லை.

அவன் கணக்கைத் திருத்தினான். அப்பா நிமிர்ந்தார். "அட, காதுக்குள்ளயே பேசுறான்டா!"

இவன் சந்தேகப் பிராணி. சரிபார்க்கக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. ஈரத்துணி நாற்றம். சத்தமே இல்லை. கணக்கு சரி.

அப்புறம்... காதோரம் ஒரு மூச்சு.

"எனக்குக் கேக்கல... சத்தம் வை."

துள்ளி எழுந்தான். ரிமோட் மேசையில் கிடந்தது. டிவியில் ஒலியளவுக் கோடு ஒரு கட்டம் ஏறியது. இன்னொரு கட்டம். உள்ளே குழந்தை சிணுங்கியது. பலகையை அந்த நாற்காலிப் பக்கம் திருப்பினான். கோடு நின்றது. குழந்தையும் அடங்கியது.

"என்னடா, மறுபடி போச்சு?" என்றார் அப்பா. பிறகு தலையை மெல்லக் காலி நாற்காலிப் பக்கம் சாய்த்தார்.

"ம்ம்... சொல்லு."

அன்றைய டைரியின் கடைசி வரி: "நாளைய வேலை: ஒலியை இரண்டு நாற்காலிக்கும் பிரிக்க வேண்டும். இன்னும் பதினாறு ஸ்பீக்கர் வாங்க வேண்டும்."