யாரும் பிடிக்காத புள்ளி

ஹலோ... ஆமாண்ணா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்... ஆமா, ஆமா, கட்டிங் மெஷினத்தான்... உன்னக் கேக்காமத்தான். நீ என்னக் கேட்டா என் கணக்குல கை வச்ச?

...சும்மா சொல்லாத. நான் சாப்பிடப் போன நேரத்துல என் கம்ப்யூட்டர்ல உக்காந்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போடற துணிக் கூரைய, நடுவுல மவுஸால பிடிச்சு மேல இழுத்து விட்டிருக்க... கொஞ்சமோ நெறையவோ, இழுத்தியா இல்லியா?... அழகாத்தான் இருக்கு. படத்துல யாரு இல்லேன்னா?

இரு, இரு... என்னப் பேச விடு. கம்ப்யூட்டர்ல அந்தத் துணி புள்ளிங்களாக் கோத்த ஒரு வலைண்ணா. ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி இருக்கற புள்ளிங்க நாலா பக்கமும் இழுக்குது. எந்தப் பக்கமும் ஜெயிக்காம அது தானா எங்க நிக்குதோ, அதான் துணியோட வடிவம். சோப்புத் தண்ணிப் படலம் மாதிரி. நீயோ நானோ சொல்ற எடத்துல நிக்காது... நீ தூக்கின புள்ளியக் கம்ப்யூட்டர் பிடிச்சிட்டு நிக்குது. அங்க ஆஸ்பத்திரி வாசல்ல யாரு பிடிப்பா? நீ ஏறி நிப்பியா?

...தொங்கும்ணா! அந்த அளவுக்கு வெட்டினா நடுவுல துணி மிச்சம். மழை பேஞ்சா தண்ணி தேங்கும். தேங்கத் தேங்க இன்னும் தொங்கும், இன்னும் தேங்கும்... கீழ யாரு உக்காருவா? கைக்குழந்தையத் தூக்கிட்டு டோக்கனுக்குக் காத்திருக்கறவங்க! அவங்க தலைக்கு மேல தண்ணி, உனக்கு அழகு கேக்குது.

...ஓ, பெரிய டாக்டருக்குக் குடை மாதிரி வேணுமா? நடுவுல ஒரு கம்பம் நடச் சொல்லு, இப்பவே புதுசாக் கணக்குப் போட்டுத் தரேன்... கம்பம் வேணாம், குடை மட்டும் வேணும். நல்லாருக்கே!

ஆமா... ஆமா... நீதான் முதலாளி, யாரு இல்லேன்னா... அம்மாவ எதுக்கு இழுக்கற? தங்கச்சின்னா தலையாட்டணுமா?... மாட்டேன்... வேலைய விட்டுத் தூக்கு. தாராளமாத் தூக்கு. ஆனா இந்தத் துணி அந்த அளவுல வெட்டுப்படாது.

...என்னது, கட்டிங் மாஸ்டர்கிட்ட போனக் குடுக்கணுமா? எதுக்கு, என்ன எறக்கி விடச் சொல்லவா?... ஆமா, எறக்கத்தான். வெட்டற மேசையில, துணி மேலதான் உக்காந்திருக்கேன்... அவரா? இங்கதான் இருக்காரு. இப்பத்தான் செருப்பக் கழட்டிட்டு அவரும் ஏறி, என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு. பேசறியா?...

ஹலோ?... அண்ணா?... ஹலோ?