சாறு சாப்பாட்டுல சேராது

"...அதத்தான் சொல்றேன். மாத்திரை போட்டா அரிப்பு நிக்கும், நிறுத்தினா திரும்ப வரும். இதுக்குப் பேரு வைத்தியமா? மாத்திரைக்கு நாயை அடகு வைக்கிறதுங்க. நீங்க துபு அம்மாதானே? சித்த முன்னாடி அப்படித்தானே கூப்பிட்டாங்க. நான் கம்ஜா அம்மா. அறுபத்தேழு வயசுல புதுப் பேரு. சொந்தப் பேரு மால்சுன். அதச் சொல்லிக் கூப்பிட இப்ப யாரு இருக்கா..."

கொரியாவின் பூப்யோங் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த நாய் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் பியோ மால்சுன் பேச ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. மடியில் கம்ஜா. கம்ஜா என்றால் உருளைக்கிழங்கு; நாயின் நிறமும் வடிவமும் அதுவேதான். காதோரம் முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. கடித்துக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல். பக்கத்தில் துபு என்ற வெள்ளை நாயோடு உட்கார்ந்திருந்த இளம்பெண் தலையாட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரோட பேசிட்டிருக்கா பாருங்க, நீலக் கோட்டு, அவ என் மக ஹேரின். மருந்துக்கடை வச்சிருக்கா. பொய்முடி ஃபாக்டரியில பதினோரு நாள் தரையில படுத்துப் போராடினவ வயித்துல ஒரு மருந்துக்கடைக்காரி. எங்க போய்ச் சொல்ல. 'அம்மா, இன்னிக்கும் அரிப்பு குறையலைன்னா கம்ஜாவ எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், என் வீட்ல வேளாவேளைக்கு மாத்திரை போடுவேன்'ங்கறா. வண்டியில கூண்டு கூட எடுத்துட்டு வந்திருக்கா. அவ கூட்டிட்டுப் போயிட்டா... ஃபாக்டரிச் சங்கம் கலைஞ்சு முப்பது வருஷமாச்சு, துபு அம்மா. நான் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போகாத ஒரே ஜீவன் இதுதான்."

எழுந்திருக்கப் பார்த்த துபு அம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் என்னமோ மாத்திரையே குடுக்காத மாதிரி பேசுறாங்க. குடுத்தேங்க. மூணு நாள் குடுத்தேன். அரிப்பு சுத்தமா நின்னு போச்சு. அங்கதான் எனக்குச் சந்தேகம். கத்திக்கிட்டிருந்தவன் திடீர்னு வாயை மூடுனா என்ன அர்த்தம்? எவனோ விலை பேசிட்டான்னு அர்த்தம். எங்க சங்கத்துலயே பாத்திருக்கேன். நாலாம் நாள் நிறுத்திட்டேன். அப்புறம்தான் இந்த மீன் எண்ணெய், குடலுக்குப் போடுற தூள், எல்லாம். கைக்கு வந்த ஒரு துண்டறிக்கையில விவரமா போட்டிருந்தான், உடம்பு தானே போராடணும், சத்து மட்டும் குடுத்தாப் போதும்னு. துண்டறிக்கை யாரு போட்டதா? அந்த எண்ணெய் விக்கிற கம்பெனிதான். அது வேற விஷயம். எழுத்துல உண்மை இருக்கா இல்லையான்னுதான் பாக்கணும். நானும் அதே மாதிரி ஒண்ணு எழுதி எங்க அபார்ட்மென்ட் லிஃப்டுல ஒட்டினேன். செயலாளரு கிழிச்சுட்டான். முதலாளியோட கையாளு."

அவள் பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரு தங்கமான ஆளு, தப்புச் சொல்லக்கூடாது. 'மீன் எண்ணெய் தோலுக்கு நல்லதுதாம்மா, ஆனா அது மட்டும் போதாது, பின்னால மருந்தோட சேர்த்துக் குடுத்துக்கலாம்'ங்கறாரு. கூட்டணியாம். எனக்குக் கூட்டணின்னாலே ஆகாது. 'மொதல்ல எந்தச் சாப்பாடு ஒத்துக்காம அரிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். எட்டு வாரம் இந்த மூட்டைத் தீனி தவிர வாயில எதுவும் படக்கூடாது'ன்னாரு. சரின்னேன். கட்டுப்பாடு எனக்குச் சொல்லித் தரணுமா? ஒரு பருக்கை சோறு? கிடையாது. ஒரு துண்டுக் கறி? கிடையாது. மேல்வீட்டு ஆளு பிரியமா ஒரு துண்டு சர்க்கரைவள்ளி போட்டான். வாயில விரல விட்டுத் தோண்டி எடுத்தேன். இன்னியோட எட்டு வாரம். பாருங்க காதை. ஒரு மயிரளவு குறையல. இப்பச் சொல்லுங்க, யாரு பக்கம் நியாயம்?"

மூடியைத் திருகினாள். கருவாட்டு வாசனை பெஞ்சு முழுக்கப் பரவியது. புனலைச் சற்றே தள்ளி, மூடியில் ஊற்றிய வெதுவெதுப்பான சாற்றைக் கம்ஜாவின் வாயருகே பிடித்தாள். அது சப்தம் போட்டு நக்கியது.

"இதுவா? ஹ்வாங்தே சாறு. பனிமலையில காஞ்ச கருவாடு, உப்பு போக மூணு தண்ணி அலசிக் கொதிக்க வச்சது. இங்க வந்தாலே கம்ஜாவுக்குப் பயத்துல கால் ஆடுது, அதான் தெம்புக்கு. இல்ல இல்ல, தினமும்தான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? இது சாப்பாடு இல்லையே. மருந்து மாதிரி. பிரசவிச்சவளுக்குக் குடுக்குறோம், குடிச்சிட்டு வந்த புருஷனுக்குக் குடுக்குறோம், சாப்பாட்டுக் கணக்குலயா சேர்க்குறோம்? டாக்டரு மூணு தடவ கேட்டாரு, வேற ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களான்னு. இல்லன்னேன். சத்தியம்தானே? மீன் எண்ணெயும் அப்படித்தான், சத்து. சாப்பாடு இல்ல."

துபு அம்மா முதல் தடவையாக ஏதோ கேட்டாள். மெதுவாக, ஒரே ஒரு கேள்வி.

"எப்பலேருந்து அரிப்பா? போன குளிர்காலத்துலேருந்து. அதுக்கு முன்னாடி பட்டுத்துணி மாதிரி இருக்கும் தோலு. குளிர்காலத்துல இதுக்குச் சளி பிடிச்சிச்சு, ரெண்டு நாள் சாப்பிடல, பாவமா இருந்துச்சு. அப்பத்தான் சந்தையில ஒரு கட்டு ஹ்வாங்தே வாங்கிட்டு வந்து சாறு வைக்க ஆரம்பிச்..."

மால்சுன் நிறுத்தினாள். பேச ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவை. மூடியில் மிச்சமிருந்த சாறு ஆடாமல் நின்றது. கம்ஜா ஒரு முறை நக்கிவிட்டு, பின்னங்காலைத் தூக்கிப் புனலின் மேல் கரகரவென்று சொறிந்தது. புனலைத்தான் சொறிகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

"கம்ஜா அம்மா, உள்ள வாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹேரின் கைகட்டி நின்றாள். மால்சுன் அவசரமாக மூடியைத் திருகினாள்.

"துபு அம்மா, இத சித்த உங்க பையில..."

திரும்பினால் பெஞ்சு காலி. துபு அம்மா தீனி மூட்டைகள் அடுக்கிய மூலைக்குப் போய், ஒரு மூட்டையின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

போலீசே நேரில் கேட்டபோதுகூட மால்சுன் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கையில் நாய், ஒரு கையில் ஃபிளாஸ்க். அப்படியே உள்ளே போனாள். டாக்டர் நாலாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்குமுன் ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். தன் கோட்டுப் பையிலிருந்து மீன் எண்ணெய் டப்பாவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஹேரின் ஃபிளாஸ்க்கை மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பு நிர்வாகத்தோடது," என்றாள் மால்சுன். "எங்க வீட்ல நிர்வாகம்னா நான்தான். நாளைக்கே எட்டு வாரத்த மொதல்லேருந்து எண்ணுங்க, அந்த மாத்திரையையும் போடுறேன். ஒரே ஒரு கோரிக்கை, டாக்டர். இந்தத் தொழிலாளிய மட்டும் வேற ஊருக்கு மாத்திடாதீங்க."