பேராசிரியர் தாக் மறைக்க மறுத்த நாற்பது எலிகள்

மேடையின் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இயக்குநர் மா சாங்-ஹோ அவர்களே, பெயர் பொறித்த ரிப்பனோடு ஆள் உயர மலர்வளையம் அனுப்பியது போதாதென்று நேரிலும் வந்திருக்கும் மாத்திரை நிறுவனத் தலைவர் அவர்களே, கீழே அமர்ந்து உண்மையிலேயே அழுதுகொண்டிருக்கும் எலிக்கூடத்து ஊழியர்களே, வணக்கம். நான் குக் ஜோங்-மின். மறைந்த பேராசிரியர் தாக் யோங்-சுக் அம்மையாரோடு இருபத்தாறு ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவன்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், அம்மையாரின் பழைய ஆய்வுகளைச் சொல்லி, தங்கள் மாத்திரைக்கு அவர்தான் தாய் என்றார். இனி ஒவ்வொரு பெட்டியிலும் அவர் படம் இருக்குமாம். நீங்களும் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்திலேயே விற்பனை! என்ன துணிச்சல்!

அவர் எதை ஆராய்ந்தார் என்று கைதட்டியவர்களுக்குத் தெரியுமா? நாம் இழுக்கும் மூச்சிலிருந்தே உடம்புக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். அவை மிகுந்து செல்கள் சேதமாவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். அவற்றை மாத்திரையால் அடக்கினால் நோயே வராது என்று சொல்லி, அறுவடைத் திருநாளுக்கு ஊர் முழுக்க மாத்திரைப் பெட்டி பரிசளிக்க வைத்தது நிறுவனம். அம்மையார் கேட்டது ஒரே கேள்வி. அதே மூலக்கூறுகள் புற்றுநோய்ச் செல்களையும் கொல்கின்றனவே, அவற்றை அடக்கினால் லாபம் யாருக்கு?

நுரையீரலில் சிறு கட்டி வந்த எண்பது எலிகளில் நாற்பதுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார். அந்த நாற்பதுக்கும் கட்டி வேகமாக வளர்ந்தது. மற்றவற்றுக்கு முன்பே செத்தன. கூண்டில் ஏதோ தொற்று என்று எழுதி, ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிடச் சொன்னார் இயக்குநர்.

"எலிங்கதானே மேடம், விடுங்களேன்."

"எலிங்கதான் சார். ஆனா மாத்திரய முழுங்கப்போறது மனுஷங்க."

அம்மையார் கையெழுத்துப் போடவில்லை. அவர் பெயரும் இல்லாமல், அந்த எலிகளும் இல்லாமல் கட்டுரை வெளிவந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் மூவர் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான்காவது ஆள், உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கும் நான்தான். எனக்குப் பதவி உயர்வு வேண்டியிருந்தது. காறித் துப்புவதென்றால் என் மேலும் துப்புங்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆய்வகத்தின் பின்னால் இருக்கும் நினைவுக் கல்லின் முன் கூடினோம். ஆய்வில் இறந்த உயிர்களுக்கு ஆண்டுதோறும் ஆப்பிளும் தீவனமும் படைத்து, அரிசி மது ஊற்றி, எது எதற்காக இறந்தது என்று வாசித்து வணங்குவோமே, அந்தச் சடங்குக்கு. வாசிப்பது அம்மையாரின் பொறுப்பு. நிறுவன விருந்தினர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். இயக்குநர் கொடுத்த தாளை அவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டு ஆட்களிடம் பேசுவதுபோலக் கல்லைப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பது பேரு செத்தீங்க. அந்த மாத்திர கட்டிய வளக்குதுன்னு காட்டிட்டுத்தான் செத்தீங்க. இவங்க அத மறைச்சுட்டாங்க. நான் மறைக்க மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமையே ஆய்வகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறையில் ஏழு ஆண்டுகள் உட்கார வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவரோடு உட்கார ஒருவருக்கும் தைரியமில்லை. இன்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நீங்கள் அன்று எந்த மேசையில் இருந்தீர்கள்? நானும் அதே மேசையில்தான் இருந்தேன்.

ஒருநாள் படிக்கட்டில் என்னை மடக்கினார். "குக், உங்கப்பாவுக்கு நுரையீரல்ல கட்டியாமே. அந்த மாத்திரய குடுக்கறியா?" இல்லை என்றேன். "அப்ப ஊராருக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவர் சாகும்வரை என் கையெழுத்தை நான் திரும்பப் பெறவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே வரிசையாக உறுதி எடுத்தீர்கள். எந்தப் பணியை? நான் தொடர்வது இதைத்தான். நாற்பது எலிகளின் முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது. அம்மையார் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை எழுதி முடித்திருக்கிறேன். பழைய கட்டுரையில் பொய் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு கடிதமும் இணைத்திருக்கிறேன்.

இயக்குநர் அவர்களே, மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டுவது தெரிகிறது. தாராளமாக அணையுங்கள். காலை ஒன்பது மணிக்கே இரண்டையும் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.