வெயிலுக்கு அஞ்சியவரை வெளியே கொண்டுவந்த ஷரீபா சிஸ்டருக்கு

கனிவின் கருவூலமே! கடமையின் காவலரே! கடலூர் முதுநகரிலிருந்து காலை முதல் பேருந்தில் வந்து, சிதம்பரம் வெள்ளாறு புற்றுநோய் மருத்துவமனையில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் பணிபுரிந்து இன்று ஓய்வுபெறும் தலைமைச் செவிலியர் ஷரீபா அம்மையாரே! வணக்கம்.

உங்கள் பெருமைகளைப் பட்டியலிட்டால் நீங்களே கோபித்துக்கொள்வீர்கள். ஆகவே ஒரே ஒரு நாளை மட்டும் இம்மடலில் எழுதியிருக்கிறோம்.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டிய ராஜவேலுக்கு மலக்குடலில் புற்றுக்கட்டி. இதயம் பலவீனம், அறுவை சிகிச்சை தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட, ஒளிச் சிகிச்சை ஒன்றே மிஞ்சியது. நரம்பில் ஏற்றும் மருந்து கட்டியில் போய்த் தங்கும். இரண்டு நாள் கழித்துக் குழாய் வழியே சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அம்மருந்து வேலை செய்து கட்டியைக் கொல்லும். ஆனால் அது தோலிலும் தங்கிவிடுவதால் ஒரு மாதத்துக்கு வெயில் படக்கூடாது. பட்டால் உடம்பு வெந்துவிடும். நம் மருத்துவமனையில் அச்சிகிச்சை பெற்ற முதல் ஆள் அவர்தான்.

ஜன்னலில் கறுப்புத் துணி அடித்த அறையில் கிடந்தார் ராஜவேல். நாற்பது வருடம் வெயிலில் வண்டி ஓட்டிய மனிதர், கதவிடுக்கில் கோடாக விழும் வெளிச்சத்தைக் கண்டு கால்களை மடக்கிக்கொண்டார். நோயைவிட அந்தக் கோடுதான் அவரை மிரட்டியது.

ஒளி பாய்ச்சிய நான்காம் நாள், சித்திரை மாதத்து உச்சி வேளையில், பக்கத்து அறை ஏசி தீப்பிடித்தது. மாடி வார்டெல்லாம் புகை. மற்ற நோயாளிகளை இறக்கிக்கொண்டு ஓடிய நாங்கள், கறுப்புத் துணி அறையை மறந்துபோனோம். அதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

நீங்கள் மட்டும் திரும்பி மேலே ஓடினீர்கள். ராஜவேல் கட்டிலுக்கடியில் சுருண்டிருந்தார்.

"நான் வரல சிஸ்டர். வெயில் பட்டா வெந்துடுவேன்னு டாக்டரே சொன்னாரு. இங்கியே கெடக்கறேன், வுட்டுடுங்க."

"பொக ஜாஸ்தியாவுது அண்ணே, மூச்சு நின்னுடும். என் தோள இறுக்கிப் புடிச்சுக்குங்க. கண்ண மட்டும் தொறக்காதீங்க."

இரண்டு போர்வைகளையும், அவற்றின்மேல் உங்கள் கறுப்புப் புர்காவையும் சுற்றி அவரை இறக்கினீர்கள். முற்றத்தைத் தாண்டினால் ஜன்னலில்லாத எக்ஸ்ரே அறை. நாற்பது அடிதான், நல்ல வெயில். உங்கள் தோளைப் பற்றிய அவருடைய வலக்கை மட்டும் துணிக்கு வெளியே நின்றது. எரிகிறது, எரிகிறது என்று அலறியபடியே வந்தவர், பிடியை மட்டும் விடவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அவர் கேட்டாராம்: "உங்களுக்குப் பயமா இல்லியா சிஸ்டர்?"

"அல்லா அறிய, காலு ரெண்டும் இன்னும் நடுங்குது அண்ணே."

மாலைக்குள் அந்தக் கை கொப்புளித்துவிட்டது. ஆற ஐந்து வாரமானது. மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்த்தபோது கட்டி இல்லை. திரும்ப வராது என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நடுங்கிக்கொண்டே வருகிறார். ஆனால் தவறாமல் வருகிறார்.

அன்புத் தாயே! திங்கட்கிழமை திட்டக்குடியிலிருந்து ஒரு பெண் அதே சிகிச்சைக்கு வருகிறார். முதன்முறையாக நீங்கள் இல்லாமல் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இம்முறை எந்த அறையையும் மறக்கமாட்டோம்.

நோயின்றி, நிம்மதியாய், பேரப்பிள்ளைகளோடு நூறாண்டு நீங்கள் வாழ வேண்டுமென்று வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
உங்களோடு பணியாற்றிய செவிலியர்களும் ஊழியர்களும்