புளோயர் பார்க்க வந்தவங்க

கார்த்திகேசன்: புளோயர் கம்பெனியிலேர்ந்துதானே வர்றீங்க? நல்லவேளை மேடம், வந்து சேர்ந்தீங்க.

நித்யஸ்ரீ: நானா... இல்ல... அது வந்து...

கார்த்திகேசன்: இந்தப் பக்கம் வாங்க. வரிச்சிக்குடி குறுவை நெல்லு பூரா மழையில நனைஞ்சு, இந்த ரைஸ் மில்லுலதான் கெடக்கு. முந்நூறு மூட்டை! இன்னிக்குப் புளோயர் காத்து தள்ளி ட்ரையர் ஓடலேன்னா நாளைக்கு அத்தனையும் முளை விட்டுடும்.

நித்யஸ்ரீ: முந்நூறா! ...சரி, புளோயர் என்ன பண்ணுது?

கார்த்திகேசன்: சத்தம் போடுது, உதறுது. வேலை மட்டும் நடக்கல. அதோ நிக்கிற எங்க மில்லு ஆளு நீலமேகண்ணன் மாதிரி.

நீலமேகம்: காதுல விழுது தம்பி!

நித்யஸ்ரீ: எப்போலேர்ந்து இப்படி?

கார்த்திகேசன்: மோட்டார் எரிஞ்சு, காயில் கட்டி வந்து நாலு நாளாச்சு. அதுலேர்ந்து காத்து கம்மி. உதறல் அதுக்கு முன்னாடியே உண்டு.

நித்யஸ்ரீ: அப்ப ரெண்டு வியாதி. மெயினை அணைச்சுட்டு, ஃபியூஸைப் புடுங்கி உங்க சட்டைப் பையில போட்டுக்கங்க. யாரும் தெரியாம ஓட்டிடக் கூடாது.

கார்த்திகேசன்: என் மேல நம்பிக்கை இல்லியா?

நித்யஸ்ரீ: உங்க மேல இருக்கு. நீலமேகண்ணன் மேலதான்...

நீலமேகம்: அதுவும் விழுது!

நித்யஸ்ரீ: மூடியைக் கழட்டுங்க... இங்க பாருங்க, இறக்கையில ஒரு பக்கமாவே தூசி அப்பிக் காஞ்சு கெடக்கு. ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினா உதறாம என்ன பண்ணும்?

கார்த்திகேசன்: அடேயப்பா, அடை கணக்கா இருக்கே!

நித்யஸ்ரீ: எல்லா இறக்கையையும் சுரண்டணும். ஒண்ணுல மிச்சம் வச்சாலும் மறுபடி ஆடும். அந்தக் கரண்டியைக் குடுங்க, இந்தப் பக்கம் நான் பார்க்குறேன்.

கார்த்திகேசன்: ஐயோ, உங்க துணி அழுக்காயிடும்...

நித்யஸ்ரீ: துணியைத் துவைச்சுக்கலாம். நெல்லு அப்படியா?

கார்த்திகேசன்: ...சுரண்டி முடிச்சாச்சு. மூடியும் போட்டாச்சு.

நித்யஸ்ரீ: ஃபியூஸைப் போட்டு, ஒரே நொடி ஓட்டி நிறுத்துங்க. ஷாஃப்ட் எப்படி சுத்துதுன்னு பார்க்கணும்... போதும், போதும்!

கார்த்திகேசன்: ஏங்க சிரிக்கிறீங்க?

நித்யஸ்ரீ: தலைகீழா சுத்துதுங்க உங்க புளோயர்.

கார்த்திகேசன்: இருக்காது! அப்படின்னா காத்தை உள்ள இழுக்கணுமே? வெளியதானே தள்ளுது?

நித்யஸ்ரீ: டேபிள் ஃபேனா இருந்தா அப்படித்தான். இது நத்தைக் கூடு மாதிரி கூட்டுக்குள்ள சுத்துற சக்கரம். எந்தப் பக்கம் சுத்தினாலும் அதே வாய் வழியாத்தான் காத்து வரும். தப்புப் பக்கம் சுத்தினா ரொம்பக் கம்மியா வரும். எல்லாரும் ஏமாறுற இடம் இது. எந்தப் பக்கம் சுத்தணும்னு கூட்டு மேல அம்புக்குறி இருந்திருக்குமே?

கார்த்திகேசன்: பொங்கலுக்கு பெயின்ட் அடிச்சோம்...

நித்யஸ்ரீ: அம்புக்கும் சேர்த்தா?

கார்த்திகேசன்: ...ஆமா.

நித்யஸ்ரீ: நல்லா இருக்கு! சரி, மோட்டாருக்கு ஒயர் மாட்டினது யாரு?

நீலமேகம்: வயர்மேன் ரஞ்சித்குமார்னு சொல்லிடு தம்பி. அவன்தான் லீவுல போயிருக்கானே.

கார்த்திகேசன்: சும்மா இருங்கண்ணே. நான்தாங்க மாட்டினேன். முதலாளிகிட்டயும் நானே சொல்லிடுறேன்.

நித்யஸ்ரீ: ம்...

கார்த்திகேசன்: என்னங்க அப்படிப் பார்க்குறீங்க?

நித்யஸ்ரீ: ஒண்ணுமில்ல. மறுபடி ஃபியூஸை எடுத்துட்டு, மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை இடம் மாத்துங்க, சுத்துற பக்கம் மாறிடும்.

கார்த்திகேசன்: அவ்வளவுதானா? நாலு நாளா தூங்கலைங்க நான்!

நித்யஸ்ரீ: இன்னிக்குத் தூங்கலாம். மாத்திட்டீங்களா? ...இப்பப் போடுங்க.

நீலமேகம்: தம்பீ! காத்து! என் துண்டு பறந்துடுச்சு தம்பீ!

கார்த்திகேசன்: உதறலே இல்ல! நெல்லை ஏத்துங்கண்ணே, துண்டை அப்புறம் தேடலாம்!

நித்யஸ்ரீ: அப்பாடா...

கார்த்திகேசன்: உக்காருங்க, டீ வருது. ரிப்போர்ட்டுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. கம்பெனி பேரை...

நித்யஸ்ரீ: ஒண்ணு சொல்லணும்ங்க. நான்... அந்தக் கம்பெனி ஆளு இல்ல. அரியலூர்ல ஒரு சிமென்ட் ஆலையில இதே வேலை பார்க்குறேன்.

கார்த்திகேசன்: அப்ப இங்க?

நித்யஸ்ரீ: திருநள்ளாறுதான் எங்க வீடு. ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்களாம். மாப்பிள்ளை இந்த மில்லுல இருக்கார்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி, ஆளு எப்படின்னு நானே ஒரு எட்டு...

கார்த்திகேசன்: பார்த்தாச்சா?

நித்யஸ்ரீ: பார்த்தாச்சு. அம்புக்குறிக்குப் பெயின்ட் அடிக்கிற ஆளு. ஆனா தப்பை அடுத்தவன் தலையில கட்டல... கோவமா?

கார்த்திகேசன்: கோவமா! கம்பெனி ஆளு நாளைக்குத்தான் வர்றேன்னு காலையிலயே போன் பண்ணிட்டாரு. நீங்க கேட்டுல வண்டியை நிறுத்துறப்பவே எனக்குத் தெரியும்ங்க. ஒரு வாரமா உங்க போட்டோதான் என் போன்ல இருக்கு. ‘பெரிய பெரிய ஃபேனெல்லாம் பார்க்குற பொண்ணு’ன்னு அம்மா ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்காங்க. முந்நூறு மூட்டை நனைஞ்சு கெடக்கறப்ப, வாசல்ல வந்து நின்னவங்களை விடுவேனா? ...ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும், நித்யஸ்ரீ?